சப்பாத்துப் போட்ட காவடி

என் மாமாவை எனக்குப் பிடிக்காது. அம்மாவோடு கூடப் பிறந்த ஒரே தம்பி என்பதற்காக எத்தனையோ வருடம் பிடித்தது போல நடித்திருக்கிறேன். அம்மா போன பிறகு அந்த நடிப்புக்கும் தேவை இல்லாமல் போய்விட்டது. அவருக்கும் என்னைப் பிடிக்காது. அதை அவர் ஒருநாளும் மறைத்ததில்லை, அந்த வகையில் என்னைவிட நேர்மையான ஆள். இப்போது நாங்கள் கதைப்பதில்லை. அளவெட்டிப் பக்கம் அலுவல் வந்தால் அவருடைய ஒழுங்கையை விட்டுச் சுற்றிக்கொண்டு போகிறேன்.

சண்டை காணிக்கோ நகைக்கோ அல்ல. எங்கள் பூட்டனுக்காக. அம்மாவின் அப்பாவுடைய அப்பா அவர். அவர் செத்தபோது நான் பிறக்கவே இல்லை. எப்போதோ செத்துப்போன மனிதனுக்காக இரண்டு கிழடுகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிவதைப் பார்த்து ஊர் சிரிக்கிறது. சிரித்துவிட்டுப் போகட்டும்.

பூட்டன் மலாயாவில் கோல்ஃப் விளையாட்டுக்காரராக இருந்தவர். பொழுதுபோக்குக்கு அல்ல, அதுதான் அவருடைய தொழில். முதலாம் உலகப் போருக்குக் கொஞ்சம் முந்தி புத்தூரில் இருந்து கப்பலேறி, ரயில்வேயில் கிளாக்கராக இருந்த தமையனிடம் போனார். தமையன் இவரையும் கிளாக்கராக்கப் பார்த்தார். இங்கிலீஷ் சோதனையில் இவர் தவறினார், திரும்ப எடுத்தார், திரும்பவும் தவறினார். யாழ்ப்பாணத்தில் இருந்து போய்க் கிளாக்கராகாமல் இருந்தால் அந்தக் காலத்தில் அது ஒரு நோய் மாதிரி. தமையன் வீட்டில் சோறு கிடைத்தது, முகம் கிடைக்கவில்லை. ஒருநாள் வெளிக்கிட்டுப் போய் தோட்டத் துரைமாரின் கோல்ஃப் கிளப்பில் பை தூக்கச் சேர்ந்துவிட்டார். துரை அடிப்பார். இவர் தடிகள் நிறைந்த தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்னால் நடப்பார். பந்து புல்லுக்குள் போனாலும் சேற்றுக்குள் போனாலும் தேடிப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

பிறகு உடைந்த தடிகளைத் திருத்தப் பழகினார். துரைமார் மத்தியானச் சாப்பாடு முடிந்து நித்திரை கொள்ளும் நேரத்தில், திருத்திய தடி சரியா என்று பார்க்கிற சாட்டில் தானும் அடித்துப் பழகினார். அந்தக் கிளப்பில் விளையாட்டுச் சொல்லிக் கொடுப்பதற்கென்று சம்பளத்துக்கு ஒரு ஸ்கொட்லாந்துக்காரர் இருந்தார். போர் தொடங்கியதும் அவர் படைக்குப் போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறு வெள்ளைக்காரன் அகப்படவில்லை. வேறு வழியில்லாமல் பூட்டனை வைத்தார்கள். போர் முடியும் வரை அந்தக் கிளப்பின் புரொபெஷனல் அவர்தான். நீதவானுக்கும் தோட்டத் துரைமாருக்கும் அவர்களின் பெண்சாதிமாருக்கும் தலையை ஆட்டாதே, தோளைத் திருப்பு என்று கட்டளை போட்டது இங்கிலீஷ் சோதனை தவறிய எங்கள் புத்தூர்க்காரர். ஆனால் கிளப்பின் முன்வாசலால் அவர் உள்ளே போக முடியாது. பின்பக்கத்தில் தடி திருத்தும் கொட்டிலோடு அவருடைய எல்லை முடிந்துவிடும்.

சிங்கப்பூரில் இருந்து வந்த ஒரு வெள்ளைக்காரப் புரொபெஷனலோடு ஒருமுறை அவரை விளையாட விட்டார்கள். பூட்டன் வென்றார். கோப்பையைக் கிளப் தலைவரின் கையில் கொடுத்து, கிளப்பின் பெயரைப் பொறித்து, உள்ளே கண்ணாடி அலுமாரியில் வைத்தார்கள். தான் வென்ற கோப்பையை அவர் வெளியே நின்று யன்னலால் பார்த்தார்.

போர் முடிந்தது. ஸ்கொட்லாந்துக்காரர் ஒரு காலை இழுத்துக்கொண்டு திரும்பி வந்தார். கமிட்டி பூட்டனைக் கூப்பிட்டு, இனிப் பழையபடி பை தூக்கு, முதலில் இவருடைய பையைத் தூக்கு என்றது. ஒழுங்காக இருந்தால் கடைசியில் ஒரு பென்சனுக்கும் வழி பார்க்கலாம் என்றதாம். பூட்டன் பையைத் தூக்கினார். முதல் அடி அடிக்கும் இடம் வரை கொண்டு போனார். அங்கே அதைப் புல்லில் வைத்துவிட்டு, ரயில் ஸ்டேசனுக்கு நடந்துவிட்டார். தன்னுடைய சில தடிகளோடும், கிளப்புக்கு வந்த ஒரு சீனப் படக்காரர் எடுத்துக் கொடுத்த படத்தோடும் ஊருக்கு வந்து சேர்ந்தார். மிச்சக் காலம் முழுக்கத் தோட்டத்தில் புகையிலையும் வெங்காயமும் செய்தார்.

யாழ்ப்பாணத்தில் அவரோடு கோல்ஃப் விளையாட ஆர் இருந்தார்கள்? பின்னேரங்களில் சைக்கிளில் ஒரு தடியைக் கட்டிக்கொண்டு வல்லை வெளிக்குப் போவார். அந்தக் காற்றுக்குள் நின்று தனிய அடிப்பார். வயது போன பிறகும் விடவில்லை. பந்து பொறுக்கியது என் அம்மா. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உவர்த்தரையில் ஓடி ஓடிப் பொறுக்குவாராம். தம்பியையும் கூப்பிட்டால் தம்பி வரமாட்டார். பருத்தித்துறை பஸ்ஸில் போகிறவர்கள் தலையை வெளியே நீட்டி, கிழவனுக்கு விசர் என்று சிரிப்பார்களாம். தம்பிக்கு அந்தச் சிரிப்பைத் தாங்க முடியவில்லை. அந்தத் தம்பிதான் மாமா.

இதெல்லாம் அம்மா சொல்லி எனக்குத் தெரிந்தது. குடும்பத்தில் மற்ற எல்லாருக்கும் பூட்டன் மலாயாப் பென்சனியர். இந்தப் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு இருந்த மரியாதை வேறு எதற்கும் இருந்ததில்லை. பென்சன் என்று எதுவும் வந்ததை ஒருவரும் கண்டதில்லை, ஆனால் ஒருவரும் கேட்கவும் இல்லை.

அவர் செத்த பிறகு அந்தப் படத்தைப் பெரிதாக்கி வர்ணம் தீட்டக் கொடுத்தார்கள். படத்தில் பூட்டன் பந்தை அடித்து முடித்த நிலையில் நிற்கிறார். இரண்டு கையும் தோளுக்கு மேலே. தடி பிடரிக்குப் பின்னால் குறுக்கே கிடக்கிறது. கண் மேலே, தூரத்தில், பந்தைப் பார்க்கிறது. படமோ பழுப்பேறி மங்கிவிட்டது. வர்ணம் தீட்டிய மனிதருக்குக் கோல்ஃப் என்றால் கறியா குழம்பா என்று தெரியாது. மலாயாவில் எடுத்த படம், தோளில் குறுக்குத்தடி, மேலே பார்த்த கண். தைப்பூசக் காவடியேதான் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். தடியின் இரண்டு பக்கமும் மயிலிறகு வைத்தார். நெற்றி நிறைய விபூதி பூசினார். வெள்ளைக் காற்சட்டையின் இரண்டு காலுக்கும் இடையில் வெள்ளை நிரப்பி வேட்டியாக்கினார். சப்பாத்துத்தான் அவரைப் பாடுபடுத்தியிருக்க வேண்டும். அதைத் தோல் நிறத்தில் பூசி விரல்கள் கீறியிருக்கிறார். ஆனால் லேஸ் முடிச்சு மறைபடவில்லை. இன்றைக்கும் பூட்டனின் வெறுங்காலின் மேல் ஒரு முடிச்சுத் தெரியும்.

படம் வந்ததும் வீட்டில் ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை. எனக்கு அந்த வர்ணக்காரரில் கோபமே இல்லை. அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டு அதைச் சாமியறையில் மாட்டினார்களே, அவர்களில்தான் கோபம். பூட்டனின் தடிகள், ஆமிக்குப் பயந்து ஊரே ஓடிய இடப்பெயர்வோடு போய்விட்டன. படம் மட்டும் சாமிப் படங்களோடு ஒரு சீலையில் சுற்றப்பட்டுத் தென்மராட்சிக்குப் போய்த் திரும்பி வந்து, மாமா வீட்டுச் சாமியறையில் ஏறிக்கொண்டது. மாமி வெள்ளிக்கிழமைகளில் அதற்கும் கற்பூரம் காட்டுவார். அங்கே போனால் அம்மா மற்றப் படங்களைக் கும்பிட்டுவிட்டு அந்தப் படத்தின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு ஒரு காலைமை, நான் கஞ்சி பருக்கிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"எனக்குக் கல்வெட்டு அடிப்பியள்தானே?"

எங்கள் பக்கத்தில் ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அடித்து வந்தவர்களுக்குக் கொடுப்போம். செத்தவருடைய வம்சம், வாழ்க்கை எல்லாம் பாட்டும் வசனமுமாக இருக்கும். அதை ஒருவர் சபையில் இராகம் போட்டுப் படிப்பார். கல்வெட்டில் கெட்டவர் என்று ஒருவர் இல்லை. குடித்தே அழிந்தவர் நண்பர் கூட்டம் மிக்கவராவார். பெண்சாதிக்கு அடித்தவர் கண்டிப்பானவராவார். இப்படித்தான் தலைமுறை தலைமுறையாகப் பூசி மெழுகி வந்திருக்கிறோம்.

"இப்ப ஏனம்மா அந்தக் கதை?"

"அதிலை அப்பப்பாவைப் பந்து பொறுக்கினவர் எண்டு போடு. பிறகு துரைமாருக்குப் படிப்பிச்சவர் எண்டு போடு. திரும்பவும் பொறுக்கச் சொல்ல, பையைப் புல்லிலை வைச்சிட்டு வந்தவர் எண்டு போடு. என்னையும் போடு மோனை. நானும் அவருக்குப் பொறுக்கினனான்."

"மாமா விடமாட்டார்."

"அவன் என்ன விடுறது? சபையிலை எல்லாருக்கும் கேக்க வேணும். வேறை ஒண்டும் எனக்கு வேண்டாம்."

உண்மையில் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கோவில் நேர்த்தி, சீலை, சாப்பாடு எதுவும் இல்லை. நான் ஓம் என்றேன். சில கிழமைகளில் அம்மா போய்விட்டார்.

அம்மாவுக்கு ஆண்பிள்ளை இல்லை. கொள்ளி வைத்தது மாமா. அந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு கல்வெட்டையும் அவரே கையில் எடுத்தார். நான் தபாற் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள், நாலு வசனம் பிழையில்லாமல் எழுதத் தெரியும். அம்மா சொன்னபடியே பூட்டனைப் பற்றி ஒரு பந்தி எழுதிக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன். மாமா அதை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பந்து பொறுக்கியோ? உனக்கு விசரே பிள்ளை?"

"அம்மா சொன்னவ, மாமா."

"அக்கா கடைசியிலை நினைவு தப்பிக் கதைச்சவ."

"அம்மா கடைசி மட்டும் நல்ல நினைவோடைதான் இருந்தவ. உங்களைத்தான் அந்தப் பக்கம் காணேல்லை."

மாமி தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நிலைமையைப் பார்த்துக்கொண்டு அப்படியே உள்ளே போனார். மாமா தான் எழுதியதை எடுத்து எனக்கு வாசித்துக் காட்டினார். மலாயா நாட்டில் உயர் உத்தியோகம் வகித்து, தைப்பூசந்தோறும் காவடி எடுத்த முருக பக்தர். அவர் வாசித்த சீரைக் கேட்டால் தானே பக்கத்தில் நின்று பார்த்தது மாதிரி இருந்தது.

"காவடிக்காரர் சப்பாத்தோ போட்டுக்கொண்டு போனவர்?" என்று கேட்டேன். சாமியறைக் கதவு திறந்துதான் கிடந்தது. "வாங்கோ, வந்து பாருங்கோ. காலிலை லேஸ் முடிச்சு நிக்குது."

மாமா வரவில்லை. இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு சொன்னார், "அது சதங்கை."

அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை நான் சாகும்வரை மன்னிக்கமாட்டேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை, வெட்கப்படவும் இல்லை. அப்போதே எழுந்து வந்துவிட்டேன். அடுத்த நாள் நெல்லியடிக்குப் பஸ் எடுத்து, கல்வெட்டு அடிக்கக் கொடுத்த அச்சகத்துக்குப் போனேன். அச்சகக்காரர் நல்ல மனிதர். ஆனால், ஓடர் தந்தவர் சொன்னால்தான் மாற்றலாம் அக்கா என்றார். திரும்பி வரும்போது வல்லை வெளியில் பஸ் யன்னலால் பார்த்தேன். காற்றைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

பிறகுதான் அந்தக் கூத்து. முப்பத்தொன்றுக்குக் கொஞ்ச நாளுக்கு முந்தி மாமாவே ஃபோன் எடுத்தார். குரலில் தேன் வடிந்தது.

"பிள்ளை, நீ சொன்னதுதான் சரி. அவரைக் கோல்ஃப்காரர் எண்டே போடுவம்."

எனக்கு நம்ப முடியவில்லை. விசாரித்தால் விஷயம் ரொறன்ரோவில் இருந்து வந்திருக்கிறது. மாமாவின் மகன் அங்கே தன் பெட்டைக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருக்கிறான். மாப்பிள்ளையின் தகப்பன் கோல்ஃப் பைத்தியம், அங்கே அது பெரிய ஆக்களின் விளையாட்டாம். எங்கள் வீட்டுக் கதை எப்படியோ அந்த மனிதரின் காதில் விழுந்து, இந்தக் காலத்தில் இப்படி ஒரு பரம்பரையா என்று ஆள் மலைத்துப் போனாராம். அவ்வளவுதான், ஒரே இரவில் முருக பக்தருக்கு மயிலிறகு கொட்டிவிட்டது.

காரணம் எதுவாகவும் இருக்கட்டும், அம்மா கேட்டது நடக்கப் போகிறதே என்று நான் அம்மாவின் படத்துக்கு முன்னால் இருந்து அழுதேன். மடைச்சி.

முப்பத்தோராம் நாள் புத்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது. ஐயர் கிரியைகளை முடித்துக்கொண்டு போன பிறகு கல்வெட்டுக் கட்டுகளைப் பிரித்தார்கள். நான் ஒன்றை எடுத்து நேராகப் பூட்டனின் பக்கத்தைத் திருப்பினேன். மலாயா நாட்டில் வெள்ளைக்காரத் துரைமாருடன் தோளோடு தோள் நின்று கோல்ஃப் ஆடி, அவர்தம் கழகத்தின் கௌரவ அங்கத்தவராக விளங்கி, கோப்பைகள் பல வென்று, ஓய்வூதியத்துடன் தாயகம் மீண்டவர் என்று இருந்தது. படத்தையும் விடவில்லை. மயிலிறகை எடுத்துவிட்டு இன்டர்நெட்டில் இருந்து மினுங்குகிற புதுத் தடி ஒன்றை வைத்திருந்தார்கள். விபூதியும் வேட்டியும் அப்படியே. கால் விரலுக்கு மேலே லேஸ் முடிச்சும் அப்படியே.

காவடி ஒரு மனிதரின் அறியாமை. இது களவு. காவடி பூட்டனை மறைத்தது, அவ்வளவுதான். இது துரைமாரை நல்லவர்களாக்கிவிட்டது. முன்வாசலைத் திறந்துவிட்டு, கோப்பையைக் கையில் கொடுத்து, பென்சனும் கொடுத்து வழியனுப்பி வைத்துவிட்டது. அப்படியென்றால் அந்த மனிதர் பையைப் புல்லில் வைத்துவிட்டு நடந்ததற்கு என்ன அர்த்தம்? என் அம்மா அந்த வெளியில் ஓடியது ஆருக்காக?

பந்தலுக்குள் சனம் இருந்துவிட்டது. கல்வெட்டுப் படிக்க வந்தவர் ஓய்வுபெற்ற ஒரு மாஸ்டர், நல்ல குரல். காப்புச் செய்யுள் முடித்து ஊர்ப் பெருமைக்கு வந்தார். வம்சத்துக்கு வந்தார். தோளோடு தோள் நின்று என்று அவர் இழுத்த இடத்தில் நான் எழும்பினேன்.

"நிப்பாட்டுங்கோ மாஸ்டர். அது பொய்."

மாஸ்டர் வாயைத் திறந்தபடியே நின்றார். மாமா முன்வரிசையில் இருந்து திரும்பினார்.

"இரு பிள்ளை."

"இருக்கமாட்டன். தோளோடை தோள் எண்டால் ஏன் அவர் முன்வாசலாலை ஒருநாளும் போகேல்லை? பென்சன் எண்டால் அதை ஆர் எடுத்தது? நீங்கள் எடுத்தனியளோ?"

"செத்த வீட்டிலை மானத்தை வாங்காதை."

"அம்மா என்ன சொன்னவ எண்டு சொல்லுங்கோ. உங்கடை வாயாலை சொல்லுங்கோ. அவர் அங்கை என்ன செய்தவர்?"

அவர் எழும்பியதை நான் பார்க்கவில்லை, கதிரை விழுந்த சத்தம்தான் கேட்டது. அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். அடித்திருந்தால் நானும் அடித்திருப்பேன், வயதைப் பார்த்திருக்கமாட்டேன்.

"ஓமடி! பொறுக்கினவர்தான்!" அவருடைய குரல் ஒழுங்கை வரை போயிருக்கும். "வெள்ளைக்காரனுக்குப் பந்து பொறுக்கினவர்தான்! பொறுக்கின ஆளுக்குத் திரும்பப் பொறுக்கினால் என்ன குறைஞ்சு போச்சு? துரைமாருக்குப் படிப்பிச்சனான் எண்ட திமிர்! பையைப் புல்லிலை வைச்சிட்டு வந்தாராம், பெரிய மானஸ்தன்! கொஞ்சக் காலம் தூக்கியிருந்தா பென்சன் வந்திருக்கும். என்ரை அப்பா படிச்சிருப்பார். தோட்டத்துக்கை மண்வெட்டியோடை விழுந்து செத்திருக்கமாட்டார். நானும் படிச்சிருப்பன். அவற்றை மானத்துக்கு நாங்கள் எல்லாரும் வெயிலிலை காய்ஞ்சம். அவர் போய் வல்லை வெளியிலை நிண்டு காத்துக்கு அடிக்கிறார். அக்கா பின்னாலை ஓடி ஓடிப் பொறுக்கிறா. பஸ்ஸிலை சனம் சிரிக்குது. எங்களைப் பாத்துச் சிரிக்குது!"

மூச்சு வாங்கியது அவருக்கு. இவ்வளவு காலமும் அவர் காவடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது எதற்கென்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. விளங்கியதற்காக நான் இளகிவிடவில்லை. அவருடைய தகப்பன் செத்தது அந்தத் துரைமாரால். அந்தக் கோபத்தை இவர் அவர்களில் ஒருநாளும் வைக்கவில்லை, பையை வைத்துவிட்டு வந்தவரிலேயே வைத்தார்.

பந்தலின் கடைசி வரிசையில் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். ரொறன்ரோவுக்குக் காட்டுவதற்காக மாமாவே ஒருவரிடம் ஃபோனைக் கொடுத்துப் படம் பிடிக்கச் சொல்லியிருந்தார். அந்த ஆள் ஃபோனை இறக்க மறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் மனதுக்குள் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பந்து பொறுக்கியது. துரைமாருக்குப் படிப்பித்தது. பையைப் புல்லில் வைத்தது. அம்மா ஓடியது. அம்மா கேட்டதெல்லாம் மாமாவின் வாயாலேயே சபையில் வந்துவிட்டது, ஒன்றும் மிச்சமில்லை.

மாமா கதிரையை நிமிர்த்தி அதில் இருந்தார். ஒருவரையும் பார்க்கவில்லை. மாஸ்டர் பாவம், புத்தகத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப நான் எதிலை இருந்து படிக்கிறது, பிள்ளை?"

"அம்மா பிறந்ததிலை இருந்து படியுங்கோ மாஸ்டர்," என்றேன். "மற்றதை மாமா சொல்லிப்போட்டார்."